சொல்ல முடியாது சுடலைமுத்து

ஓசூர் சிப்காட்டில் ஒரு பத்து மாதம் சுடலைமுத்துவிடம் யாரும் மணி கேட்டதில்லை. கேட்டால் மனிதர் கையைத் தூக்கிக் கடிகாரத்தைப் பார்ப்பார். பார்த்துவிட்டு, "இந்தக் கடிகாரம் ஒம்பதே காலுன்னு காட்டுது. மணி ஒம்பதே காலான்னு சொல்ல முடியாது" என்பார். பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவன் என்ன செய்வான்? தலையில் அடித்துக்கொண்டு ஓடுவான். பிறவிக் கோணல் என்றால் போகட்டும் என்று விட்டுவிடலாம். 2005ஆம் வருஷம் ஜூன் மாதம் வரைக்கும் அவரும் உங்களையும் என்னையும் போல நல்லபடியாகத்தான் இருந்தார். கம்பெனி பரீட்சை வைத்துக் கெடுத்தது.

ஆள் நாங்குநேரிப் பக்கம். பேட்டை ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்துவிட்டு எண்பத்தெட்டில் ஓசூர் பஸ் ஸ்டாண்டில் வந்து இறங்கியவர். குளிருக்கு ஒரு போர்வைகூட எடுத்து வரவில்லை. வண்டிகளுக்கு பிரேக் பாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் சேர்ந்தார். கல்லாவி என்கிற ஊர்ப் பெண் சரஸ்வதியைக் கட்டினார். ஒரே மகள் மோகனப்ரியா, கல்லூரியில் கடைசி வருஷம். கம்பெனியில் அவர் இன்ஸ்பெக்டர். பயந்துவிடாதீர்கள், பீஸ் சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்கும் இன்ஸ்பெக்டர்தான்.

பார்ப்பதற்கு அவர் கையில் இருந்தது ஒரு கேஜ். விரல் நீள எஃகுக் கட்டை, இரண்டு பக்கமும் முனை. பீஸில் போட்ட துளைக்குள் ஒரு முனை போக வேண்டும், மறுமுனை போகக் கூடாது. 'கோ', 'நோ கோ' என்று அதற்குப் பெயர். போக வேண்டியது போய், போகக் கூடாதது போகாமல் நின்றால் பீஸ் ஓகே. மாறி நடந்தால் குப்பைத் தொட்டி. நடுவில் பேச்சே இல்லை. பதினேழு வருஷம் இதைக் கையில் வைத்திருந்த மனிதருக்கு உலகமே இரண்டு முனையாகத்தான் தெரிந்தது. புது ஆபரேட்டரைப் பார்த்தால், "இவன் போவான்" என்பார். இல்லாவிட்டால், "இவன் போகமாட்டான்" என்பார். பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

அந்த வருஷம்தான் ஹெச்.ஆர். மேனேஜராக ராஜேஷ்குமார் வந்து சேர்ந்தார். பெங்களூரில் படித்தவர், வயது முப்பதுகூட இருக்காது. வந்த மாதமே கேண்டீனில் எல்லாரையும் கூட்டி, "இனிமே வருஷக்கணக்கைப் பாத்து சூப்பர்வைசர் ஆக்க மாட்டோம். யோசிக்கத் தெரிஞ்சவங்களைத்தான் ஆக்குவோம். அதுக்கு ஒரு டெஸ்ட் இருக்கு" என்றார். வருஷக்கணக்கில் முதல் ஆளாக நின்றவர் சுடலைமுத்து.

பரீட்சை நாளில் சாப்பாட்டு மேசைகளில் முப்பத்திரண்டு பேர் உட்கார்ந்தார்கள். எண்ணெய்க் கையில் பேனா வழுக்கியது. கேள்வித்தாளில் ஒரு பத்தி இருக்கும், அதன் கீழே ஒரு கூற்று இருக்கும். கூற்றுக்கு எதிரே மூன்று கட்டங்கள்: சரி, தவறு, சொல்ல முடியாது. ஏதாவது ஒன்றில் டிக் அடிக்க வேண்டும். இங்கிலீஷில் இருந்ததை யாரோ உட்கார்ந்து அப்படியே தமிழாக்கியிருந்தார்கள்.

முதல் பத்தி இதுதான்: 'ஓர் ஊரில் உள்ள எல்லா டீக்கடைகளும் காலை ஐந்து மணிக்குத் திறக்கும். அந்த ஊரில் கந்தன் ஒரு கடை வைத்திருக்கிறார்.' கூற்று: 'கந்தன் கடையில் டீ கிடைக்கும்.' சுடலைமுத்து யோசிக்கவே இல்லை. கந்தன் என்று பெயர் வைத்துக்கொண்டு டீக்கடை வைக்காமல் நகைக்கடையா வைப்பான்? சரி என்று டிக் அடித்தார். இன்னொரு பகுதியில் வாதங்கள். 'தொழிற்சாலைக்குள் செல்போனைத் தடை செய்யலாமா? வாதம்: செய்யலாம், ஏனென்றால் மற்ற தொழிற்சாலைகளிலும் தடை செய்திருக்கிறார்கள்.' இது வலுவான வாதமா, வலுவற்றதா? வலுவானது என்று போட்டார். பதினேழு வருஷமாக நிர்வாகம் சொன்ன ஒரே வாதம் அதுதானே? போனஸைக் குறைத்தாலும், கேண்டீனில் வடையை நிறுத்தினாலும் "மத்த கம்பெனில எல்லாம் இப்படித்தான்" என்றே சொல்லி வந்தார்கள். அந்த வாதத்துக்கு முன்னால் யூனியனே படுத்திருக்கிறது.

முடிவு வந்தது. முப்பத்திரண்டு பேரும் ஃபெயில். ராஜேஷ்குமார் விடைத்தாள் கட்டைத் தூக்கிக்கொண்டு கேண்டீனுக்கே வந்துவிட்டார். "ஒருத்தர்கூட மூணாவது கட்டத்தைத் தொடலையே. ஏன்?"

நாலாம் நம்பர் மெஷின் ஆபரேட்டர் திம்மப்பன்தான் எழுந்து நின்றான். பக்கத்தில் பேரிகை ஊர்க்காரன். வீட்டில் கன்னடம், சந்தையில் தெலுங்கு, கம்பெனியில் தமிழ் என்று மூன்றையும் ஒரே வாயில் வைத்திருப்பவன்.

"சார், நீங்க ஆபீசரு. நீங்க கேட்டு நாங்க 'சொல்ல முடியாது'ன்னு சொன்னா மெமோ குடுப்பீங்க இல்லியா?"

கேண்டீனே தலையாட்டியது. ராஜேஷ்குமாருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "ஐயோ, அது எதிர்த்துப் பேசறது இல்லீங்க. குடுத்த தகவலை வச்சு முடிவு பண்ண முடியாதுன்னு அர்த்தம்" என்று விளக்கினார். திம்மப்பன் உட்கார்ந்து பக்கத்திலிருந்த சுடலைமுத்துவிடம், "கொத்தில்லன்னு போட்டிருந்தா புரிஞ்சிருக்கும் அண்ணா. கொத்தில்லன்னா தெரியாது. சொல்ல முடியாதுன்னா எங்க பாஷையில ஹேளக்காகல்ல, சொல்ல மாட்டேன்னு இல்ல வருது?" என்றான். அன்றைக்கு அந்தக் கம்பெனியில் யாராவது யோசித்துப் பேசினார்கள் என்றால் அது அவன் ஒருவன்தான். அவனுக்கு வந்த மார்க் ஒன்பது.

சுடலைமுத்து அவமானத்தோடு வீட்டுக்குப் போனார். பாகலூர் ரோட்டில் இரண்டு அறை வீடு. மகள் மோகனப்ரியா கேம்பஸ் இன்டர்வியூவுக்காக இதே மாதிரிக் கேள்விகள் நிறைந்த தலையணைத் தடிமன் புத்தகம் ஒன்றை வைத்துப் படித்துக்கொண்டிருந்தாள். அப்பாவை எதிரே உட்காரவைத்து ஒரு பத்தியைப் படித்தாள். 'கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் செல்லும் எல்லாப் பேருந்துகளும் சூளகிரியில் நிற்கும்.'

"எவன் சொன்னான்?" என்று எகிறினார் சுடலைமுத்து. "பாயிண்ட் டு பாயிண்ட் நிக்காதுல்லா? போன மாசம் சூளகிரி சூளகிரின்னு கத்துதேன், கண்டக்டர் பய ஓசூர்ல கொண்டாந்து எறக்கிவிட்டுட்டுத் திரும்பிப் பாக்காமப் போறான்!"

"அப்பா, அது நெசச் சூளகிரி. இது பத்தியில இருக்கற சூளகிரி. இங்க எல்லா பஸ்ஸும் நிக்கும்."

"பொய்யில்லா அது?"

"இருந்துட்டுப் போவட்டும். உங்களுக்குத் தெரிஞ்சதையெல்லாம் செருப்பு மாதிரி வாசல்ல கழட்டி வச்சிட்டுத்தான் பத்திக்குள்ள வரணும். பத்தியில இருந்தா சரி. பத்திக்கு எதிரா இருந்தா தவறு. பத்தியில இல்லவே இல்லன்னா, சொல்ல முடியாது."

இரண்டு நாள் அவர் இதை ஏற்கவில்லை. தெரிந்ததைத் தெரியாத மாதிரி இருப்பது என்ன புத்திசாலித்தனம் என்று சண்டை போட்டார். மூன்றாம் நாள், பல் தேய்க்கும்போது, வாயில் நுரையோடு, "ஏட்டி மோகனா, கந்தன் வச்சிருந்தது மளிகைக் கடையாக்கூட இருக்கலாம்லா!" என்று கத்தினார். அவ்வளவுதான். பேய் ஏறிக்கொண்டது.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் குடித்தனம் நடத்திய சரஸ்வதிக்குக் கோயில் கட்டலாம். "சாம்பார்ல உப்பு சரியா இருக்குதுங்களா?" என்று கேட்டால், "இன்னும் வாயில வைக்கல, சொல்ல முடியாது" என்பார். வாயில் வைத்த பிறகு கேட்டால், "இந்தக் கரண்டில சரியா இருக்கு. குண்டான் முழுக்கச் சரியான்னு சொல்ல முடியாது" என்பார். எதிர்வீட்டில் வாஷிங் மெஷின் வாங்கிவிட்டார்கள், நாமும் வாங்கலாம் என்றாள். வலுவற்ற வாதம் என்றார். குளிரில் துவைத்துத் துவைத்துக் கை விறைத்துப் போகிறது என்றாள். கண்ணை மூடி யோசித்து, "இது வலுவான வாதம்" என்றார்.

"அப்ப வாங்கலாமா?"

"வாதம் வலுவா இருக்குன்னுதான் சொன்னேன். வாங்கறதைப் பத்தி நான் ஒண்ணும் சொல்லல."

அவள் கையிலிருந்த ஈரத்துணியை அவர் மேல் வீசாமல் கொடியில் போட்டது அவளுடைய நல்ல குணம்.

வெளியிலும் இதே கூத்துதான். அப்போது ஓசூரைச் சுற்றிலும் கேழ்வரகு விளைந்த நிலமெல்லாம் கல் நட்டு மனைகளாகிக்கொண்டிருந்தது. 'பெங்களூருக்கு இருபதே நிமிடம்! விமான நிலையம் வர இருக்கிறது!' என்று டீக்கடையில் நோட்டீஸ் கொடுத்தவனை நிறுத்தி வைத்து, எந்த வாகனத்தில் இருபது நிமிடம், எந்த மணிக்கு, வர இருக்கிறது என்று யார் யாரிடம் சொன்னார்கள் என்று விசாரித்தார். அவன் நோட்டீஸைத் திரும்பப் பிடுங்கிக்கொண்டு போனான். டீக்கடையில் அவருக்குப் பெயரே 'சொல்ல முடியாது சுடலை' ஆயிற்று. அவருக்கு அதில் உள்ளூரப் பெருமைதான். இரண்டு முனையோடு இருந்த மனிதருக்கு மூன்றாவதாக ஒன்று கிடைத்தால் தலைகால் புரியுமா?

ஜனவரியில் பரீட்சை மறுபடி நடந்தது. சுடலைமுத்து நாற்பதுக்கு முப்பத்தெட்டு. நோட்டீஸ் போர்டில் போட்டோ ஒட்டினார்கள். மே முதல் தேதியிலிருந்து சூப்பர்வைசர், நீலச் சட்டை போய் வெள்ளைச் சட்டை. சரஸ்வதி கல்லாவிக்குப் போன் போட்டுச் சொல்லி, அவள் அண்ணன் வீட்டில் வெல்லம் போட்டுப் பாயசம் வைத்ததாகக் கேள்வி. பதினெட்டாம் வருஷத்தில் வருகிற வெள்ளைச் சட்டை. அதைச் சிரித்துப் பேசிவிட எனக்கு மனம் வரவில்லை.

இனி மார்ச் மாதத்துக்கு வர வேண்டும். இருபத்தேழாம் தேதி அவருடைய கேஜை, அதுவே சரியாக இருக்கிறதா என்று அளந்து பார்க்க, பெங்களூருக்கு அனுப்பினார்கள். வருஷத்துக்கு ஒரு முறை அனுப்புவதுதான். ஆனால் மாற்றுக் கேஜ் இல்லை. கணக்கு வருஷக் கடைசி, லாரி வாசலில் நிற்கிறது, சரக்குப் போயாக வேண்டும். மெஷினை நிறுத்தலாமா என்று சுடலைமுத்து கேட்டபோது, புரொடக்‌ஷன் மேனேஜர் பாஸ்கரன் அவர் தோளில் கையைப் போட்டார். "சுடலை, பதினெட்டு வருஷமா பாக்கறீங்க. உங்க கண்ணைவிடவா அந்தக் கட்டை பெரிசு? ஓகே போடுங்க. மே மாசம் சூப்பர்வைசரா இதையெல்லாம் நீங்கதானே முடிவு பண்ணப் போறீங்க?"

சுடலைமுத்து மூன்று நாள், மணிக்கு ஒரு தடவை, ஓகே ஓகே என்று ஷீட்டில் போட்டுக் கையெழுத்துப் போட்டார். வாதம் வலுவானதா, வலுவற்றதா என்று ஆராய்ச்சி செய்யவில்லை. தோளில் கை விழுந்தால் யாருக்கு ஆராய்ச்சி வரும்?

அந்த மூன்று நாளில் நாலாம் நம்பர் மெஷினில் டூல் தேய்ந்திருந்தது. கேஜ் கையில் இருந்திருந்தால் முதல் மணி நேரத்திலேயே போக வேண்டிய முனை போகாமல் நின்று காட்டிக் கொடுத்திருக்கும். கண்ணுக்கு அது தெரியாது. எந்தக் கண்ணுக்கும் தெரியாது. ஆயிரத்து நூறு பீஸ் வாங்கிய இடத்திலிருந்து அப்படியே திரும்பி வந்தது. துளை சின்னது, அதில் மாட்ட வேண்டிய பின் ஏறவில்லை.

யார் செய்தது? கம்பெனி யோசித்தது. பரீட்சை வைத்தவர்கள் அல்லவா, நன்றாகவே யோசித்தார்கள். ஷீட்டில் மணிக்கு மணி ஓகே என்று இருக்கிறது. ஆகவே இன்ஸ்பெக்டர் பார்த்த பீஸ் எல்லாம் சரி. ஆகவே அவர் பார்க்காத பீஸ்தான் கெட்டது. ஆகவே இன்ஸ்பெக்டர் நகர்ந்ததும் ஆபரேட்டர் வேண்டுமென்றே கவனமில்லாமல் ஓட்டியிருக்கிறான். ஆகவே திம்மப்பன். படிக்கட்டு வைத்தது போல ஒவ்வொரு 'ஆகவே'யும் அடுத்ததைத் தாங்கி நின்றது. அடிப்படி மட்டும் பொய். அந்தப் பொய்க்குக் கீழே இருந்தது சுடலைமுத்துவின் கையெழுத்து.

திம்மப்பனுக்குச் சார்ஜ் ஷீட் கொடுத்து சஸ்பெண்ட் செய்தார்கள். நிரூபணமானால் வேலை போய்விடும். கேஜே இல்லை என்று அவன் சொன்னதை, ஓகே போட்ட ஷீட்டைக் காட்டித் தள்ளிவிட்டார்கள். விசாரணை அதிகாரியாக கிருஷ்ணகிரியிலிருந்து வக்கீல் அண்ணாதுரை வந்தார். நிர்வாகத்தின் முதல் சாட்சி யார் என்று கேட்கிறீர்களா? நாற்பதுக்கு முப்பத்தெட்டு வாங்கியவர்தான்.

விசாரணை அன்று டிரெய்னிங் ஹாலில் ஒரு பக்கம் ராஜேஷ்குமாரும் பாஸ்கரனும், எதிர்ப்பக்கம் திம்மப்பன், நடுவில் வக்கீல். திம்மப்பன் வெளுத்த சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு வந்திருந்தான். சுடலை அண்ணன் சாட்சி என்று கேள்விப்பட்டதும் அவனுக்கு உயிர் வந்திருந்தது. கேஜ் இல்லாத மூன்று நாளும் பக்கத்தில் நின்றவர் ஆயிற்றே.

வக்கீல் ஷீட்டைக் காட்டினார். "இது உங்க கையெழுத்தா?"

"ஆமா சார்."

"அப்ப, திம்மப்பனோட கவனக்குறைவாலதான் பீஸ் கெட்டுதா?"

ஆமாம் என்றால் பொய். இல்லை என்றால், பின்னே எப்படிக் கெட்டது என்று கேட்பார்கள். பாஸ்கரன் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். மே மாதத் தாள் அதில்தான் இருந்தது. அந்த நேரத்தில் கைகொடுக்க மூன்றாவது கட்டம் வந்தது, அப்பாடா என்று அதற்குள் போய் உட்கார்ந்துகொண்டார்.

"சொல்ல முடியாது சார்."

வக்கீல் கண்ணாடியைக் கழற்றினார். "ஏன் சொல்ல முடியாது?"

"கொடுத்திருக்கிற தகவலை வச்சு முடிவு பண்ண முடியாது."

"யோவ், தகவல் குடுக்கத்தான்யா உங்களைக் கூப்ட்டிருக்கு! சாட்சி நீங்களா, நானா?"

ராஜேஷ்குமார் எழுந்து, இது பரீட்சையில் வருகிற பதில், இதற்கு இப்படி அர்த்தம் என்று விளக்கப் பார்த்தார். வக்கீல் கேட்கத் தயாராக இல்லை. முப்பது வருஷக் கோர்ட்டு அனுபவத்தில் அந்தச் சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான் அவருக்குத் தெரியும். பக்கத்தில் எழுதிக்கொண்டிருந்தவரிடம், "சாட்சி பதில் சொல்ல மறுத்துவிட்டார்னு எழுதுங்க" என்றார். பிறகு விசாரணையை ஒரு வாரம் தள்ளி வைத்தார்.

வெளியே வராந்தாவில் திம்மப்பன் காத்துக்கொண்டிருந்தான். கோபப்பட்டிருந்தால் தேவலை. அவன் மெதுவாகத்தான் கேட்டான். "அண்ணா, கொத்து, தெரியும்னு சொல்லியிருக்கலாம். கொத்தில்லன்னாவது சொல்லியிருக்கலாம். இது என்ன அண்ணா ஹேளக்காகல்ல?"

சுடலைமுத்து வண்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். நடந்ததை மகளிடம் சொன்னார். சொல்லும்போது, தான் சொன்னது இலக்கணப்படி சரிதான் என்று நிரூபிக்கிற மாதிரியே சொன்னார். ஷீட்டை மட்டும் வைத்துப் பார்த்தால் திம்மப்பன் குற்றவாளி என்று முடிவு கட்ட முடியாது அல்லவா? மோகனப்ரியா நேரே பார்த்தாள்.

"அப்பா, அது பத்திக்கு வெளியில ஒண்ணுமே தெரியாதவங்களுக்கு. உங்களுக்குத் தெரியும்ல?"

"தெரிஞ்சதை வாசல்ல கழட்டிப் போட்டுட்டு வான்னு நீதான சொன்ன?"

"பரீட்சைக்குச் சொன்னேன். அந்தண்ணனுக்கு இது பரீட்சையா?"

அடுப்படியிலிருந்து சரஸ்வதி கரண்டியோடு வந்தாள். ரொம்ப நாளாக அடக்கி வைத்திருந்தது எல்லாம் அன்றைக்கு வந்தது. "உப்பு இருக்கான்னு கேட்டா சொல்ல முடியாதுன்னீங்க, சிரிச்சிக்கினு விட்டேன். மணி கேட்டா சொல்ல முடியாதுன்னீங்க, ஊரே சிரிச்சுது, அதையும் விட்டேன். இன்னிக்குச் சொன்னீங்க பாருங்க, அது தகவல் பத்தாம சொன்னது இல்ல. பயந்துக்கினு சொன்னது. வெள்ளச் சட்டை கழண்டுடும்னு பயம்."

"நீதானடி கல்லாவி முழுக்கச் சொல்லி வச்சிருக்க?"

"சொன்னேன். மறுபடி போன் போட்டு இல்லன்னு சொல்லிக்கிறேன். என்னால சொல்ல முடியும்."

சுடலைமுத்து அன்று சாப்பிடவில்லை. பதினெட்டு வருஷத்தில் எத்தனை லட்சம் துளைக்குள் முனையை விட்டுப் பார்த்திருப்பார். எந்தத் துளையும் அவரிடம் 'சொல்ல முடியாது' என்றதில்லை. போகும், போகாது. தன் வாய்க்குள் மட்டும் மூன்றாவதாக ஒரு முனை முளைத்துவிட்டதே என்று அவருக்குத் தன் மேலேயே அருவருப்பாக வந்தது. அந்த ஏழு நாளும் விஷயம் தெரியாத யாராவது மணி கேட்டால் பேசாமல் கையை நீட்டிக் கடிகாரத்தைக் காட்டினார்.

அடுத்த விசாரணையில் வக்கீல், "இன்னிக்காவது சொல்ல முடியுமா?" என்று நக்கலாக ஆரம்பித்தார்.

"முடியும் சார். அந்த மூணு நாளும் கேஜ் இங்க இல்ல. இருவத்தேழாம் தேதி பெங்களூர் போச்சு, கேட் ரெஜிஸ்டர்ல இருக்கு. நான் எதையும் அளக்காமத்தான் ஓகே போட்டேன். மேனேஜர் போடச் சொன்னாரு, நான் போட்டேன். கை என்னுது. கேஜ் இல்லாம அந்தத் துளை சின்னதுன்னு திம்மப்பனுக்கும் தெரியாது, மெஷின் செஞ்ச ஆண்டவனுக்கும் தெரியாது. அவன் மேல தப்பு இல்ல."

பாஸ்கரன் இந்த முறை காலண்டரைப் பார்க்கவில்லை, சுடலைமுத்துவைப் பார்த்தார். வக்கீல் கேட் ரெஜிஸ்டரை வரவழைத்துப் புரட்டினார். பக்கம் இருந்தது, தேதி இருந்தது, செக்யூரிட்டி கையெழுத்து இருந்தது. "தனக்கே கேடு வர்ற மாதிரி எவனும் பொய் சொல்ல மாட்டான்" என்று வக்கீல் சொன்னார். இது வலுவான வாதம் என்று சுடலைமுத்துவின் மூளை அந்த நிலைமையிலும் ஒரு டிக் அடித்தது. பழக்கம் லேசில் விடுமா?

திம்மப்பனுக்கு வேலை திரும்பக் கிடைத்தது. சும்மா கொடுத்தால் கம்பெனி மரியாதை என்ன ஆவது? 'இனி கவனமாக இருக்கவும்' என்று ஓர் எச்சரிக்கைக் கடிதமும் சேர்த்துக் கொடுத்தார்கள். எதில் கவனமாக என்று அதில் இல்லை. சுடலைமுத்துவுக்கு இருபது நாள் சஸ்பென்ஷன். சூப்பர்வைசர் ஆர்டர் ரத்து. இன்ஸ்பெக்டர் வேலையும் போய் ஐந்தாம் நம்பர் மெஷினில் ஆபரேட்டர். பாஸ்கரன் மேல் கம்பெனி மிகக் கடுமையான நடவடிக்கை எடுத்தது: புனேயில் இருந்த பெரிய ஃபாக்டரிக்குப் பெரிய மேனேஜராக அனுப்பிவிட்டது. நோட்டீஸ் போர்டில் இருந்த போட்டோவை எடுத்துவிட்டார்கள், பசை மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. சரஸ்வதி கல்லாவிக்குப் போன் போட்டாள். என்ன சொன்னாள் என்று தெரியாது. அவள் அண்ணன் மறுவாரமே ஒரு மூட்டை நிலக்கடலையோடு வந்து நாள் முழுக்க உட்கார்ந்துவிட்டுப் போனார்.

நவம்பரில் அடுத்த பரீட்சை வந்தது. சுடலைமுத்துவுக்கு எழுத அனுமதி இல்லை, அவர் கேட்கவும் இல்லை. திம்மப்பனைத்தான் தயார் செய்தார். நாலாம் மெஷினுக்கும் ஐந்தாம் மெஷினுக்கும் நடுவில், சாப்பாட்டு நேரத்தில், டிபன் கேரியர் மூடியில் பத்தியை வைத்துக்கொண்டு நாலு மாதம் சொல்லிக்கொடுத்தார். "டே, பத்தியில இல்லாதது எதையும் கொண்டு வராத. சூளகிரியில எல்லா பஸ்ஸும் நிக்கும். புரியுதா?" திம்மப்பன் நாற்பதுக்கு முப்பது வரைக்கும் வந்துவிட்டான். பாஸ் மார்க் இருபத்துநாலு. எழுதினால் சூப்பர்வைசர்தான் என்று இருவருக்கும் நம்பிக்கை.

முடிவில் திம்மப்பனுக்கு இருபத்துமூன்று. ஒரு மார்க்கில் போயிற்று. சுடலைமுத்து ராஜேஷ்குமாரிடம் கெஞ்சி விடைத்தாளை வாங்கிப் பார்த்தார். பதினோராம் கேள்வியில் கண் நின்றது.

ராஜேஷ்குமார் புதுக் கேள்விக்கு வெகுதூரம் அலையவில்லை. பத்தி: 'ஒரு தொழிற்சாலையில் ஓர் ஆய்வாளர், அளக்கும் கருவி இல்லாமலேயே மூன்று நாட்கள் சரி என்று கையெழுத்திட்டார். பிறகு விசாரணையில் அதை ஒப்புக்கொண்டார்.' கூற்று: 'அந்த ஆய்வாளர் நம்பத் தகாதவர்.' சரியான விடை, சொல்ல முடியாது. பச்சைக் குழந்தைக்கும் தெரியும், அவ்வளவு சுலபமான கேள்வி. திம்மப்பன் 'தவறு' என்ற கட்டத்தில் டிக் அடித்திருந்தான். பேனாவை அழுத்திய அழுத்தில் தாள் கிழிந்து அடுத்த பக்கத்தில் தடம் விழுந்திருந்தது.

சுடலைமுத்து விடைத்தாளோடு நேரே நாலாம் நம்பர் மெஷினுக்கு வந்தார். "ஏலே கூறுகெட்டவனே! பத்தியில இல்லாததைப் போடாத, போடாதன்னு நாலு மாசமா தொண்டை கிழிய சொன்னேனே! மூணாவது கட்டம்லா? தெரியாதா உனக்கு?"

திம்மப்பன் மெஷினை நிறுத்திவிட்டுக் கையைத் துடைத்தான்.

"கொத்து அண்ணா. மூணாவது கட்டம்தான்னு தெரியும்."

"தெரிஞ்சுமாலே இதைப் போட்ட? இந்த ஒண்ணுலதானடா போச்சு!"

"எனக்குத் தெரிஞ்சதைப் போட்டேன் அண்ணா" என்றான் திம்மப்பன். மெஷினை மறுபடி ஓட்ட ஆரம்பித்தான்.

சுடலைமுத்து அவனை இன்னும் நாலு வார்த்தை திட்டத்தான் வாயைத் திறந்தார். சொல்ல முடியவில்லை.